சண்டைக்கு விலக்கு இல்லை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு உடும்பு என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். இரண்டு மணி நேரச் சம்பளத்தைத் தவறாகப் பிடித்துவிட்டார்கள் என்று மேற்பார்வையாளரை நாலு மாதம் துரத்தினாள். கடைசியில் அந்த மனிதர் தன் சொந்தப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, "ஆளை விடும்மா" என்று கும்பிட்டார். அன்றைக்கு விழுந்த பெயர் அது.

பத்தொன்பது வருடமாக அவளுக்கு அதே உருளை இயந்திரம்தான். ஈர விரிப்பை இந்தப் பக்கம் நுழைத்தால் அந்தப் பக்கம் காகிதம் போல மொடமொடவென்று வெளியே வரும். ஒரு நாளைக்கு எண்ணூறு விரிப்பு. நீராவியில் வெந்து வெந்து முன்கையில் முடி என்பதே இல்லாமல் போய்விட்டது. மாலையில் வேலை முடிந்து வரும்போது, இந்த ஊரில் எத்தனை பேர் தான் தேய்த்த விரிப்பில் நிம்மதியாகப் படுத்திருக்கிறார்கள், தனக்கு மட்டும் கால் நீட்ட ஒரு இடம் இல்லையே என்று எரிச்சலாக இருக்கும்.

நாற்பத்தொரு வயதுக்குள் ஒன்பது வாடகை அறைகள். ஒன்பதாவது, டயர் கடைக்கு மேலே. காலையில் கண் விழிப்பதே ரப்பர் நாற்றத்தில்தான். வீட்டுக்காரர் கீழே இருந்தபடியே தண்ணீர்க் குழாயை மூடிவிடுவார். கேட்டால், "ஒத்தை ஆளுக்கு எதுக்கும்மா இவ்வளவு தண்ணி?" என்பார். அந்த வருடம் வாடகையை மூன்றில் ஒரு பங்கு ஏற்றினார். அவள் சண்டை போட்டாள். ஒரு மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அண்ணன் வந்தான்.

அண்ணனுக்குப் பழைய கார்களை வாங்கி விற்கும் தரகு வேலை. வேலை இல்லாமல் அவன் யார் வீட்டுப் படியும் ஏறமாட்டான். தேனொழுகப் பேசினால் ஏதோ வேண்டும் என்று அர்த்தம். அன்றைக்கு வந்ததும் வராததுமாகக் கட்டிலில் உட்கார்ந்து, "எவ்வளவு நாளைக்கும்மா இந்த டயர் நாத்தத்துல கிடப்பே?" என்று கேட்டான்.

"என்ன வேணும்னு சொல்லு" என்றாள் அவள்.

அரசாங்கத்தின் முதல் வீட்டு உதவித் திட்டம் ஒன்று வந்திருந்தது. இதுவரை பெயரில் எந்தச் சொத்தும் இல்லாதவர்கள் வீடு வாங்கினால் முன்பணத்தில் பெரும்பகுதியைத் திட்டத்திலிருந்தே கொடுப்பார்கள். வட்டி கிடையாது. ஏழு வருடம் அதே வீட்டில் குடியிருந்துவிட்டால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரவும் வேண்டாம். மீதிக்கு வங்கிக் கடன்.

"அப்ப நீ வாங்கிக்க வேண்டியதுதானே?"

அண்ணன் தலையைச் சொறிந்தான். பத்து வருடத்துக்கு முன்னால் கூட்டாளி ஒருவனோடு சேர்ந்து ஒரு ஒற்றை அறையைத் தன் பெயரில் வாங்கி, ஆறே மாதத்தில் நஷ்டத்துக்கு விற்றிருந்தான். பதிவேட்டில் அது அழியாமல் இருந்தது. "ஒரு தடவை வாங்கினவன் வாங்கினவன்தானாம். உங்க அண்ணி பேர்ல போடலாம்னா அவ சம்பளத்துக்கு மட்டும் பேங்க்ல கடன் தரமாட்டேங்கறான். உன் சம்பளத்தையும் சேர்த்தா தருவான். ரெண்டு பேர் பேர்லயும் வாங்கிடுங்க. எல்லாரும் ஒண்ணா இருந்துக்கலாம்."

"அண்ணியோடவா?"

"பழசை எல்லாம் மறந்துடும்மா."

பழசு என்று அவன் சொன்னது ஒரு பெட்டியைப் பற்றி. பதினோரு வருடத்துக்கு முன்னால் அவளுடைய கல்யாணம் முறிந்தபோது, ஒரே ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குப் போய் நின்றாள். பதினோராம் நாள் வேலை முடிந்து திரும்பினால், அந்தப் பெட்டி வாசலுக்கு வெளியே இருந்தது. துணிகள் ஒழுங்காக மடிக்கப்பட்டு, மேலே அவளுடைய சீப்பு. அண்ணி கதவைப் பாதி திறந்து, "இடம் பத்தல, வேற பாத்துக்க" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அண்ணி முகத்தை நேருக்கு நேர் பார்த்ததே மூன்று தடவையோ நாலு தடவையோதான்.

இத்தனைக்கும் அவள் சம்மதித்தாள். பாசத்தில் அல்ல. ஒரு மாதக் கெடு தலைக்கு மேல் தொங்கியது. பத்தாவது வாடகை அறை தேடி அலைய அவளுக்கு மனமில்லை. அதோடு, பத்திரத்தில் தன் பெயர் ஏறிவிட்டால் தன் பெட்டியை எவராலும் வெளியே வைக்க முடியாது என்று ஒரு வீம்பு.

உதவிப் பணம் வேண்டுமானால் ஒரு சனிக்கிழமை முழுக்க வாங்குவோர் வகுப்பில் உட்கார வேண்டும் என்று விதி. குளிரூட்டிய அறையில் முப்பது நாற்காலி. அவளும் அண்ணியும் நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்தார்கள். அண்ணி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர் சீட்டில் இருக்கும் கிறுக்கலைக்கூடத் தடுமாறாமல் படிப்பவள். கொடுத்த கோப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பு எடுத்தவர் சிரித்த முகமுள்ள இளம் அதிகாரி. வீட்டு விலை மட்டும் விலையல்ல என்று ஆரம்பித்தார். பதிவுக் கட்டணம், முத்திரை வரி, வங்கியின் பரிசீலனைக் கட்டணம், மதிப்பீட்டாளர் கட்டணம், வக்கீல் கட்டணம், கடனுக்குக் காப்பீடு, குடியிருப்புச் சங்கத்துக்கு முன்வைப்புத் தொகை. அவர் ஒவ்வொன்றாகத் திரையில் காட்டக் காட்ட, பின் வரிசையில் இருந்த ஒரு தம்பதி சத்தமில்லாமல் எழுந்து போய்விட்டார்கள்.

அவள் கையைத் தூக்கினாள். "ஏழு வருஷம் ரெண்டு பேருமே இருக்கணுமா?"

"ரெண்டு உரிமையாளரும் இருக்கணும் மேடம். ஒருத்தர் வெளியேறினாலும் முழுப் பணத்தையும் வட்டியோட திருப்பிக் கட்டணும்."

"ஒருத்தர் செத்துட்டா?"

"சாவுக்கு விலக்கு இருக்கு."

"சண்டை வந்தா?"

அறை சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். "சண்டைக்கு விலக்கு இல்லை மேடம்."

அண்ணி சிரிக்கவில்லை. கோப்பில் அந்த வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டாள்.

பதிவு நாளன்றுதான் அண்ணனின் சாயம் வெளுத்தது. கட்டணங்களை எல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தவன், "ஒரு வண்டி விக்க வேண்டியது, தள்ளிப்போச்சு" என்று கையை விரித்தான். வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே தன் சேமநல நிதியை வழித்தெடுத்து முன்பணத்தில் போட்டிருந்தாள். சேர்த்து வைத்த விடுப்பையும் காசாக்கியிருந்தாள். வழிக்க இனிமேல் ஒன்றும் இல்லை. அண்ணி கைப்பையைத் திறந்து ஒரு உறையை எடுத்து மேசையில் வைத்தாள். இரண்டு நாளுக்கு முன்பே ஸ்கூட்டரை விற்றிருந்தாள். புருஷனைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

வீடு மூன்றாவது மாடியில். ஒரு கூடம், ஒரு பெரிய அறை, ஒரு சின்ன அறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் கை நீட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்துச் சுவர். பெரிய அறை தம்பதிக்கு, சின்ன அறை அவளுக்கு. முதல் நாளே அண்ணி கதவில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "உன் அறைக்குள்ள நான் வரமாட்டேன். என் அறைக்குள்ள நீ வரக்கூடாது."

"உங்க அறையில எனக்கென்ன வேலை?" என்றாள் அவள். அந்த ஒப்பந்தத்தை மட்டும் இரண்டு பேரும் கடைசிவரை மீறவில்லை.

பதினாலாவது மாதம் அண்ணன் வேறு ஊரில் வியாபாரம் என்று கிளம்பினான். முதலில் வாரம் ஒரு தடவை பேசினான். அப்புறம் மாதம் ஒரு தடவை. அப்புறம் எண்ணே மாறிவிட்டது. அங்கே ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று அவனிடம் கார் வாங்கி ஏமாந்த ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அன்று கூடத்தில் நடந்த சண்டையை அந்தக் கட்டடமே கேட்டது.

"உன் அண்ணன் லட்சணத்தைப் பாத்தியா?" என்றாள் அண்ணி.

"எங்க அண்ணனா? இருபது வருஷம் முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தது யாரு? உங்க புருஷன்."

"பொறந்ததுலேருந்து நீங்க வளர்த்த லட்சணம் அது!"

"வளர்த்தது எங்க அம்மா. கெடுத்தது நீ!"

அந்த 'நீ' தானாக வந்து விழுந்தது. இருபது வருடமாக எத்தனை வெறுப்பிலும் 'நீங்க' என்றே பேசியவள். அண்ணி இடுப்பில் கை வைத்தாள். பிறகு, "ஓ, அப்படியா?" என்றாள். அதோடு மரியாதை அந்த வீட்டைவிட்டுக் காலி செய்தது.

மறுநாளே இருவரும் தனித்தனியாக விடுப்பு எடுத்துக்கொண்டு உதவித் திட்ட அலுவலகத்துக்குப் போனார்கள். வரிசையில்தான் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதே சிரித்த முக அதிகாரி. இப்போது கொஞ்சம் முடி கொட்டியிருந்தது. ஒருவர் போனால் மொத்த உதவிப் பணத்தையும் உடனே திருப்பிக் கட்ட வேண்டும், கட்டத் தவறினால் வீடு ஏலத்துக்குப் போகும், இருவர் பெயரும் எந்த வங்கியும் தீண்டாத பட்டியலில் ஏறும் என்று விளக்கினார். "இன்னும் அஞ்சு வருஷம்தான் மேடம். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடுங்களேன்."

"யார் பல்லை?" என்று கேட்டாள் அண்ணி.

இருந்தார்கள். குளிர்ப்பெட்டியில் மேல்தட்டு அண்ணிக்கு, கீழ்த்தட்டு அவளுக்கு. அடுப்பு காலை ஆறிலிருந்து ஆறரை அவளுக்கு, ஆறரையிலிருந்து ஏழு அண்ணிக்கு. கடன் தவணை சரிபாதி. குழாய் ஒழுகினால், கடைசியாக அதைத் திறந்தது யார் என்று விசாரணை. சலவைக்கூடத்தில் தொழிற்சங்க வேலை பார்க்கும் தோழி ஒருத்தி, "நாளைக்கு கேஸ்னு வந்தா கையில ஆதாரம் வேணும். நடக்கறதை எல்லாம் தேதி போட்டு எழுதி வச்சுக்க" என்றாள். உடும்புக்குச் சொல்ல வேண்டுமா? அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினாள்.

'செவ்வாய், காலை 6.10. என் வாளியில் அழுக்குத் துடைப்பத்தை முக்கினாள். கேட்டதற்கு, வாளிக்கு வலிக்குதா என்றாள்.'

'ஞாயிறு. கூடத்தில் பாட்டை அலறவிட்டாள். நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம். அவள்தான் முதலில் எழுந்தாள்.'

'புதன். எனக்குக் காய்ச்சல். குளியலறைப் படியில் மாத்திரை வைத்திருந்தாள். காசு இவ்வளவு என்று எழுதிய சீட்டு மாத்திரைக்கு அடியில். கொடுத்துவிட்டேன்.'

இப்படி மூன்று தடித்த நோட்டு நிரம்பியது. அண்ணியும் சும்மா இருக்கவில்லை. அவள் எதையும் வாயால் சொல்வதைவிட, மருந்துக்கடைச் சீட்டில் எழுதிக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுவாள். 'பாத்திரம் கழுவும் நார் உன் தலைமுடிக்கு அல்ல.' அந்தச் சீட்டுகளையும் கிழித்து எறியாமல் உடும்பு தன் நோட்டிலேயே ஒட்டி வைத்தாள். அண்ணியின் எழுத்து முத்து முத்தாக இருந்தது அவளுக்கு இன்னும் கடுப்பாக இருந்தது.

ஐந்தாவது வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் வந்து நின்றான். தலைக்குச் சாயம். கையில் பழப் பை. ஒன்றுமே நடக்காத மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுவர்களைச் சுற்றிப் பார்த்தான்.

"விலையெல்லாம் எங்கேயோ போயிடுச்சாமே இந்தத் தெருவுல? ரெண்டு மடங்குங்கறாங்க."

இரண்டு பெண்களும் அவரவர் அறை வாசலில் நின்றார்கள். 

"இது என் மூளையில உதிச்ச வீடு. திட்டத்தைக் கண்டுபிடிச்சது நான். உங்களைச் சேர்த்து வச்சது நான். எனக்கு மூணுல ஒரு பங்கு கொடுத்துடுங்க, நான் பாட்டுக்குப் போயிடறேன்."

"ஒரு காசு போட்டியா?" என்றாள் அவள்.

அவன் குரல் மாறியது. "நீங்க கொடுக்கலைன்னா ஒரு கடுதாசி போதும். என் பொண்டாட்டி இங்க இல்லவே இல்லை, அவங்க அக்கா வீட்டுலதான் இருக்கான்னு திட்ட ஆபீசுக்கு எழுதிப் போடுவேன். போன வருஷம் அங்கதானே கிடந்தே? எனக்கும் ஆள் இருக்கு, தெரியும். விசாரிச்சாங்கன்னா ரெண்டு பேரும் நடுத்தெருதான்."

போன வருடம் அண்ணி தன் அக்காவின் அறுவை சிகிச்சைக்காகப் போய்த் தங்கியிருந்தது உண்மை.

அண்ணி இரண்டடி முன்னால் வந்தாள். அவனைப் பார்க்காமல் நாத்தனாரைப் பார்த்துச் சொன்னாள். "உன் பெட்டியை வாசல்ல வைக்கச் சொன்னதே இவன்தான். 'நான் சொன்னா அழுவா, நீ சொல்லு, உனக்குத்தான் கெட்ட பேர் பழக்கம்'னு சொல்லிட்டு வெளிய போயிட்டான். மத்தியானம் சினிமாவுக்குப் போயிருந்தான் அன்னிக்கு."

அண்ணன், "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றான். இல்லை என்று சொல்லவில்லை.

 பதினாறு வருடமாக அவளுக்குள் ஒரு திசையில் ஓடிக்கொண்டிருந்த கோபம் சட்டென்று எங்கே போவது என்று தெரியாமல் திணறியது. அண்ணியைத்தான் முதலில் கேட்டாள்: "இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

"நம்பியிருக்க மாட்டேன்."

"அப்புறம் என்ன?"

"ஆனா வச்சது நீதானே?" என்றாள் உடும்பு. அதை விடுவதாக இல்லை. பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, அவன் கொண்டுவந்த பழப் பையை எடுத்து, வாசலுக்கு வெளியே, அவன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். "எழுதிப் போடு. கை வலிக்கற வரைக்கும் எழுது. வெளிய போ."

சொன்னபடியே எழுதிப் போட்டான். மூன்று வாரத்தில், ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் சரிபார்ப்பு அதிகாரி வந்துவிட்டார். ஒல்லியான நடுவயதுப் பெண்மணி. கறாரான முகம். காலணி உறை மாட்டிக்கொண்டு வீட்டை அலசினார். பல்துலக்கிகளை எண்ணினார். அலமாரிகளைத் திறக்கச் சொன்னார். அண்ணியின் அறைக்கு அண்ணி மட்டும் கூடப் போனாள்.

"துணி இருக்கு, சரி. துணியைக் கொண்டுவந்து வைக்க ஒரு நாள் போதும்" என்றார் அதிகாரி. "ரெண்டாவது உரிமையாளர் தொடர்ந்து இங்கதான் இருந்தாங்கங்கறதுக்கு என்ன ஆதாரம்? புகார் தெளிவா இருக்கு."

அண்ணியிடம் காட்ட எதுவும் இல்லை. மின்கட்டணம் நாத்தனார் பெயரில் மட்டும். அக்கம்பக்கத்தில் யாரோடும் அவளுக்குப் பேச்சு இல்லை.

உடும்பு தன் அறைக்குள் போனாள். உள்ளே போனவள் கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். இந்த நோட்டுகள் அண்ணியைக் கோர்ட்டில் சந்தி சிரிக்க வைப்பதற்காக எழுதியவை. எடுத்து வந்து மேசையில் வைத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டுதான் வைத்தாள்.

"என்ன இது?"

"எங்க சண்டை. தேதி, நேரம் எல்லாம் இருக்கு."

அதிகாரி புரட்ட ஆரம்பித்தார். ஒரு பக்கம், இரண்டு பக்கம். உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். ஒட்டியிருந்த சீட்டுகளை நகத்தால் தடவிப் பார்த்தார். அண்ணியும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். "வாளி விஷயத்தையெல்லாமா எழுதி வச்சிருக்கே? பொய். அது உன் வாளியே இல்லை!"

"என் வாளிதான். கைப்பிடியில சிவப்பு நூல் கட்டியிருந்தேன்."

"அதை நான் கட்டினேன்!"

"ஒரு நிமிஷம்" என்றார் அதிகாரி. ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். 'இன்று அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். வீடு நிம்மதியாக இருக்கிறது.' பக்கங்களைத் தள்ளினார். 'இன்று திரும்பினாள். முப்பத்தெட்டு நாள். நிம்மதி முடிந்தது.' விதிப்படி வருடத்துக்கு அறுபது நாள்வரை வெளியே தங்கலாம்.

அதிகாரி கீழ்வீட்டுக்குப் போய் விசாரித்தார். அந்த வீட்டு ஆசாமி சத்தமாகச் சொன்னது மேலேவரை கேட்டது. "ரெண்டு பேரும் இருக்காங்களாவா? காலைல ஆறு மணிக்கு எங்களுக்கு அலாரமே வேண்டாம் மேடம்!"

திரும்பி வந்து படிவத்தில் கையெழுத்துப் போட்டபடியே அவர் கேட்டார். "இவ்வளவு ஆகாம ஏன்தான் ஒரே வீட்டுல இருக்கீங்க?"

"உங்க திட்டத்தாலதான்" என்றாள் அண்ணி வெடுக்கென்று.

அன்று மாலை நன்றி என்று ஒரு வார்த்தை அண்ணி வாயிலிருந்து வரவில்லை. குளிர்ப்பெட்டிக் கதவில் சீட்டு மட்டும் இருந்தது. 'அந்த வாளி என்னுடையதுதான்.' அவள் அதையும் எடுத்து நோட்டில் ஒட்டினாள்.

மீதி வருடங்கள் அப்படியே ஓடின. சண்டை குறையவில்லை. அண்ணனைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். ஆறாவது வருடம் அண்ணிக்கு விவாகரத்து ஆனது. ஏழு முடிந்த மாதத்தில் விடுவிப்புக் கடிதம் பதிவுத் தபாலில் வந்தது, இருவர் பெயருக்கும் ஒவ்வொன்று. கையெழுத்துப் போட்டு வாங்கிய மறுநிமிடமே அண்ணி சொன்னாள்: "என் பாதியைக் கொடு. நான் போறேன்."

"இன்னிக்கு விலையிலயா?"

"ஏழு வருஷத்துக்கு முந்தின விலையிலயா தருவேன்?"

இந்த முறை அவளுக்கு எந்தத் திட்டமும் கைகொடுக்கவில்லை. விண்ணப்பத்தின் முதல் கேள்வியே இதற்கு முன் சொத்து இருந்ததா என்பதுதான். சொந்த வீட்டின் மறுபாதியை வாங்குவதற்கு அவள் இரண்டாம் வீடு வாங்கும் பணக்காரியாகிவிட்டாள். மறுபடி பரிசீலனைக் கட்டணம், மறுபடி முத்திரை வரி, மறுபடி வக்கீல். கடன் அறுபத்தைந்து வயதுவரை நீண்டது. வங்கியின் ஆளைத் தவிரத் தனியாக ஒரு மதிப்பீட்டாளரை வைத்துக் கட்டடத்தைச் சோதித்துக்கொள்ளும்படி வக்கீல் சொன்னார். அதற்கும் ஒரு கட்டணம். "ஏழு வருஷமா குடியிருக்கற வீட்டுக்கு நான் எதுக்குக் காசு கொடுத்து ஆள் கூட்டி வந்து காட்டணும்?" என்று மறுத்துவிட்டாள். வங்கியின் ஆள் வந்து கூடத்தில் நின்றபடி நாலு மூலையையும் பார்த்தான், அளந்தான், போய்விட்டான்.

விலையில் நாலு நாள் இழுபறி. அண்ணி இம்மியும் இறங்கவில்லை. கடைசியில் உடும்புதான் பிடியை விட்டாள்.

பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா படிவத்தைப் பார்த்துக் கேட்டார். "விக்கறவங்க உங்களுக்கு என்ன உறவு?"

 அண்ணன் இல்லாமல் ஏது அண்ணி? வேறு எந்தச் சொல்லும் நாக்கில் வரவில்லை. "ஏதாவது எழுதணும்மா" என்றார் குமாஸ்தா.

"எதிர்வீடுனு போடுங்க" என்றாள் அண்ணி.

"ஒரே விலாசமா இருக்கே?"

"அப்ப ஒண்ணுமில்லைன்னு போடுங்க."

"அண்ணினு எழுதுங்க" என்றாள் அவள், குமாஸ்தாவிடம் எரிந்து விழுகிற குரலில். அண்ணி திரும்பிப் பார்த்தாள். மறுக்கவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அண்ணி வண்டி வைத்துச் சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மருந்துக்கடைக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு அறை பிடித்திருந்தாளாம். சாவி குளிர்ப்பெட்டியின் மேல் இருந்தது. ஏழு வருடத்தில் முதல் தடவையாக அவள் அந்தப் பெரிய அறையின் கதவைத் திறந்தாள்.

பீரோ நின்றிருந்த இடத்தில் சுவர் தரையிலிருந்து தோள் உயரம்வரை கறுத்துப் போயிருந்தது. சுண்ணாம்பு பொக்குப் பொக்காக உப்பியிருந்தது. விரலால் தொட்டதும் ஒரு கை அகலத்துக்குப் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே செங்கல் ஈரமாக, புளித்த வாடையோடு இருந்தது. இது ஒரு மழையில் வந்த ஈரம் இல்லை. வருடக்கணக்கானது.

தொலைபேசியை எடுத்து அடித்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள் அண்ணி.

"இந்தச் செவுரு எத்தனை வருஷமா இப்படி இருக்கு?"

"மூணாவது வருஷத்துலேருந்து. மேல்வீட்டுக் குழாய் உள்ளே ஒழுகுது."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கல."

"தெரிஞ்சிருந்தா விலையில கழிச்சிருப்பேன்ல?"

"அதான் சொல்லல" என்றாள் அண்ணி. அந்தப் பக்கம் மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்கும் சத்தம். "நாலு வருஷம் அந்த ஈரத்துல படுத்தவ நான். நீ கிட்ட வந்து பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

"வரக்கூடாதுன்னு சொன்னதே நீதானே?"

"ஆமா, நான்தான். வாடிக்கையாளர் நிக்கறாங்க, வை."

அவள் வைக்கவில்லை. அந்தப் பக்கம்தான் துண்டித்தது.  பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேல்வீட்டுக்குப் படி ஏறினாள். கதவைத் தட்டிய தட்டில் அந்த வீட்டுக்காரர் பாதிச் சவரத்தோடு வெளியே வந்தார்.

"உங்க குழாய் என் வீட்டுக்குள்ள ஒழுகுது" என்றாள். "நாலு வருஷமா."

"அப்படியா? இதுவரைக்கும் யாரும் சொல்லலையே."

"இப்ப நான் சொல்றேன்" என்றாள் அவள், வாசற்படியில் ஒரு காலை உள்ளே வைத்து.